தீபம் அணையவில்லை, கண்தான் இருண்டது

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் மொட்டை மாடியில் நின்று மலையைக் கும்பிட்டோம். அகல் விளக்கை வைக்கக் குனிந்து நிமிர்ந்த என் மருமகள், "அத்தை, தீபம் அணைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். பதினொரு நாள் எரிகிற தீபம் எப்படி அணையும்? சில விநாடிகளில், "இப்பத் தெரியுது" என்றாள். "விரதம் இருந்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கிவிட்டேன்.

அவளுக்கு 27 வயது. ஐந்து மாதமாகத் தலைவலி. காலையில் எழும்போதே வலிக்கும். ராத்திரியில் காதுக்குள் நாடித் துடிப்போடு உஸ் உஸ்ஸென்று கேட்கும். ஒற்றைத் தலைவலி என்றார் ஒருவர். கண்ணாடி போட்டால் போய்விடும் என்றார் இன்னொருவர். கண்ணாடியை இரண்டு முறை மாற்றினோம். வேலைக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தவள் நான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், வீட்டில் இருந்த பெண் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

கண்ணாடிக்குச் சோதித்தபோது எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டாள். எல்லோரும் ஏமாந்தது அங்கேதான். தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிற அவளுடைய நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும்; நடுப்பார்வைக்குக் கடைசியில் வரும். மூளையைச் சுற்றியுள்ள நீர், பார்வை நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது. அதன் அழுத்தம் ஏறினால், நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்கிவிடும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தால் அந்த வீக்கம் தெரியும். அப்படிப் பார்ப்பதற்கான கருவியை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இலேயே செய்து கொடுத்துவிட்டார். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கிய வேலூர், எங்களுக்கு எண்பது சொச்சம் கிலோமீட்டர்தான். இருந்தும் ஐந்து மாதம் ஒருவரும் அவள் கண்ணுக்குள் பார்க்கவில்லை.

தீபம் முடிந்த வாரம் ஒரு கண் மருத்துவர் பார்த்தார். பார்த்த அன்றே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். கட்டி இல்லை. மூளையின் ரத்தநாளத்தில் உறைவும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதையும் தேடிப் பார்த்தாக வேண்டும். அடுத்தது முதுகில் ஊசி. "இடுப்பே போயிடும்" என்று என் நாத்தனார் அழுதாள். ஒன்றும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து நீரின் அழுத்தத்தை அளந்தார்கள். 25 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். அவளுக்கு 38.

அசிட்டசோலமைடு மாத்திரை கொடுத்தார்கள். விரலெல்லாம் சுறுசுறுவென்று மரத்தது, சோடா வாயில் வைக்க முடியவில்லை; பொறுத்துக்கொண்டாள். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையையும் குறைக்கச் சொன்னார்கள். வட அமெரிக்காவில் 165 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், எடைக் குறைப்போடு இந்த மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கே பார்வை கூடுதலாகத் தேறியது. அந்த 165 பேரில் 161 பேர் பெண்கள். பார்வை வேகமாகக் குறைந்தால் மாத்திரைக்குக் காத்திருக்காமல் அறுவை செய்து நீரை வடிக்க வேண்டியிருக்கும். முகப்பருவுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இந்த நோய் வரும் என்பதால், எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று: எடையைக் குறை என்பது மருந்துச் சீட்டு. அதைக் கேலியாகச் சொல்லும் சொந்தக்காரர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். அடுத்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா வேண்டும். சர்க்கரை நோயாளிக்காக வாங்கும் அதே கேமரா போதும். தலைவலி என்று வரும் இளம்பெண்ணையும் அதன் முன்னால் உட்காரவைக்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர்களும், கண்ணாடி மாற்றியும் தலைவலி தீராதவர்களை மூன்றாவது கண்ணாடிக்கு அளவெடுக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இப்போது அவளுக்குத் தலைவலி இல்லை. ஆனால் இடது கண்ணில் மூக்கை ஒட்டிய கீழ் ஓரப் பார்வை திரும்பவில்லை. செத்த நரம்பு முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுப் பெண், "தலை வலிக்குது, குனிஞ்சு நிமிர்ந்தா கண் இருட்டுது" என்று சொன்னால், அந்த வாரமே அழைத்துக்கொண்டு போய்ச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.