சத்தம் போடும் வன்தட்டும் செவிடாகிப் போன நாமும்

"பழைய கணினி என்றால் சத்தம் போடத்தானே செய்யும்" என்று நம்மவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். இது அனுபவசாலியின் பொறுமையன்று; வெறும் அசட்டை.

மயிலிட்டி மக்கள் 1990 ஜூன் மாதத்தில் ஊரைவிட்டு வெளியேறியபோது காணி உறுதிகளையும் கலியாணப் படங்களையும் பலர் விட்டுவிட்டே ஓடினார்கள். துறைமுகம் உள்ளிட்ட 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலை 3 அன்று. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் உறவினரிடம் கேட்டுப் பெற்ற படங்களும் முதியவர்களின் குரல்பதிவுகளும்தாம் பல குடும்பங்களின் ஊர்ச் சரித்திரம். அவற்றில் ஒரு பகுதி இன்று பழைய கணினியொன்றின் ஒற்றை வன்தட்டில் கிடக்கிறது.

மீளக்குடியேறிய ஒரு வீட்டில் அத்தகைய கணினி 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்ததை அண்மையில் கேட்டேன். பார்க்க வந்த திருத்துநரோ, "ஃபோர்மட் பண்ணினால் சரி" என்றார். நோயாளியின் நெஞ்சுவலிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்வது போன்றது இந்த யோசனை!

காரணம் எளிது. மேசைக் கணினிகளின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கிறது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் வாசிக்கும் முனை அதன்மேல் மிதக்கிறது. முனை பழுதாகித் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது எழுவதே அந்த 'டிக்' ஒலி. இது பொறியின் நோய். ஃபோர்மட் அதைத் தீர்க்காது, உள்ளதையும் அழித்துவிடும்.

எல்லாச் சத்தமும் மரணச் சத்தமன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மின்சாரத்தை நிறுத்தி, வன்தட்டின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, கணினியை மீண்டும் இயக்கிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் குற்றவாளி மின்விசிறிதான். தூசு தட்டினால் அல்லது மாற்றினால் போதும். சத்தம் நின்றுவிட்டால், வன்தட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். வெறும் அதிர்வொலி அத்துடன் அடங்கிவிடும். 'டிக்' ஒலியோ அராவும் ஒலியோ வன்தட்டிலிருந்தே வந்தால், இன்னும் வாசிக்கக்கூடியதாயின் மிக முக்கியமானவற்றை முதலில் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுங்கள். கணினிக்கு அது தென்படவே இல்லையென்றால் உடனே நிறுத்தி, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் உயிர்க்கும் என்பாரை நம்பாதீர்கள். உள்ளே நீர்த்துளி படிந்து மிச்சமும் நாசமாகும்.

"பரிசோதனை மென்பொருள் நலம் என்கிறதே" என்று சிலர் வாதாடுவர். கூகுள் ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை நான்கு முக்கிய எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நலம் என்ற அறிக்கை உத்தரவாதமன்று.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒற்றைப் பிரதி என்பதன் பொருளை நம்மைவிட நன்கறிந்த சமூகம் எது? 2005 முதல் நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருவது அந்தப் பாடத்தைக் கற்றதனால்தான். வீட்டில் மட்டும் நாம் ஏன் அதைக் கற்க மறுக்கிறோம்?

புலம்பெயர்ந்த உறவுகளே, ஊருக்குப் பணம் அனுப்பும்போது ஒரு புற வன்தட்டுக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும். இன்னொன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். எரித்தவர்களைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமை உண்டு. சத்தம் போட்டு எச்சரித்த தட்டைக் கேளாமல் விட்டு இழப்பதற்கு எவரைக் குற்றஞ்சாட்டப் போகிறோம்?