துருக்கி ஏன் 'துர்க்கியே' ஆனது? வான்கோழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஐ.நா. சபையில் 'டர்க்கி' என்ற பெயர்ப்பலகை இப்போது கிடையாது. 'துர்க்கியே' என்றுதான் இருக்கிறது. அதிபர் எர்டோகன் 2021 டிசம்பரில் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டார். 2022 ஜூனில் ஐ.நா. ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாறுவதற்கு 2023 ஜனவரி ஆகிவிட்டது.

ஆனால் இது புதுப் பெயரே இல்லை. 1923-ல் குடியரசான நாளிலிருந்து அந்நாட்டு மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மாற்றச் சொன்னது வெளிநாட்டினர் எழுதுவதைத்தான். மெட்ராஸ் சென்னை ஆனது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்ன பிரச்னை? ஆங்கிலத்தில் 'டர்க்கி' என்றால் வான்கோழி. படுதோல்வி அடைந்த படத்தையும், அசட்டு ஆளையும்கூட பேச்சுவழக்கில் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள்.

இதில் வேடிக்கை, கோழியின் பெயர் நாட்டுக்கு வரவில்லை. நாட்டின் பெயர்தான் கோழிக்குப் போனது. துருக்கி வணிகர்கள் வழியாக வந்த ஆப்பிரிக்க கினிக்கோழியை இங்கிலாந்துக்காரர்கள் 'டர்க்கி கோழி' என்றார்கள். 16-ம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து வான்கோழி வந்ததும் குழப்பத்தில் அதற்கும் அதே பெயர். சரி, துருக்கியர்கள் வான்கோழியை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'ஹிந்தி'! இந்தியாவிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கும் அதே அர்த்தம். டச்சு மொழியில் 'கல்கூன்', அதாவது நம்ம பக்கத்து கோழிக்கோடு. போர்ச்சுகீசியத்தில் 'பெரு'. மெக்சிகோ பெயரை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஐ.நா. ஒப்புதல் கொடுத்த சமயத்தில் துருக்கியில் ஆண்டுப் பணவீக்கம் 73 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு தேர்தல் வேறு. விலைவாசியிலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் இந்தப் பெயர் மாற்றம் என்று விமர்சனம் எழுந்ததில் ஆச்சரியமில்லை.

தமிழில் 'துருக்கி' என்றால் யாருக்கும் கோழி ஞாபகம் வராது. அதனால் அப்படியே எழுதுவதில் தப்பில்லை. ஆனால் அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் இங்கே உண்டு: 'துலுக்கர்'. துருக்கியைக் கண்ணால் பார்த்திராத தமிழ் முஸ்லிம்கள் மேலும் அது ஒட்டிக்கொண்டது. ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த பூவுக்குக்கூட துலுக்க சாமந்தி என்றுதான் பெயர். கோயிலிலும் பூக்கடையிலும் உறுத்தாத அந்தச் சொல், இன்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் வசவாகத்தான் விழுகிறது. அவர்களுக்காகக் கடிதம் எழுத எந்த வெளியுறவு அமைச்சகமும் இல்லை.