காலம் கடந்த காதலும் கவனமான வாசிப்பும்

காலப் பயணத்தையும் காதலையும் இணைத்துச் சொல்லும் நாவல்களை விரும்பிப் படிக்கும் இளையோர் பலர் உள்ளனர். அத்தகைய நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் அவர்கள் சொல்லும் கருத்து பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். “படித்ததும் கண்ணீர் வந்துவிட்டது,” என்பார் ஒருவர். “அந்தக் காலத்திலேயே பிறந்திருக்கலாம் போல் இருக்கிறது,” என்பார் மற்றொருவர். இவ்வகை நாவல்களை விரும்பாதவர்களோ, “நடக்கவே முடியாத கதை, நேரம்தான் வீண்,” என்று ஒதுக்கிவிடுவர்.

கதையைப் படித்துக் கண் கலங்குவதில் தவறில்லை. ஆயினும் வாசிப்பு அத்துடன் நின்றுவிட்டால், இந்நாவல்கள் தரக்கூடிய பெரிய பயன் கைக்கு எட்டாமல் போய்விடும். வேறொரு காலத்தில் வாழ்ந்தவர்களையும் ஆசையும் அச்சமும் உடைய முழு மனிதர்களாகப் பார்க்கக் கற்பதே அப்பயன். அதனைப் பெற விரும்பும் வாசகர் நாவலை மூடி வைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கதையில் வரும் கடந்த காலம் அழகை மட்டும் காட்டுகிறதா, அல்லது அதன் கொடுமையையும் காட்டுகிறதா? காலத்தைக் கடந்த அந்த அன்புக்கு யார் விலை கொடுக்கிறார்? அன்பு செலுத்தப்படுபவருக்குத் தம் வாழ்வைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறதா?

காலத்தையும் திருமணத்தையும் இணைக்கும் கற்பனை மிகப் பழையது. ககுத்மி என்னும் மன்னனின் கதை விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் வருகிறது. அவன் தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகனைக் கேட்டறிவதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மனின் உலகத்திற்குச் செல்கிறான். அங்கு நடந்துகொண்டிருந்த இசை நிகழ்ச்சி முடியும்வரை காத்திருக்கிறான். அந்தச் சிறிது நேரத்திற்குள் பூமியில் பல யுகங்கள் கடந்துவிடுகின்றன. அவன் மனத்தில் எண்ணியிருந்த மணமகன்கள் மட்டுமின்றி, அவர்களின் பேரன்மாரும் மறைந்துவிடுகின்றனர். பின்னர் ரேவதி பலராமனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். வியப்பூட்டும் கதைதான். எனினும், தன் காலத்தையே இழந்துவிட்ட ரேவதி அதனைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது கதையில் சொல்லப்படவில்லை. சொல்லப்படாத அந்த இடத்தில்தான் இக்கால நாவலாசிரியர்கள் பேனாவை எடுக்கின்றனர்.

ஆங்கிலத்தில் எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட ‘தி டைம் மெஷின்’ நாவல் காலப் பயணத்துக்கு இயந்திரம் என்னும் கருவியைத் தந்து புகழ்பெற்றது. பின்னர் வந்த காதல் நாவல்கள் பலவற்றில் இயந்திரத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஒரு கல்லைத் தொட்டாலே பயணம் நிகழ்ந்துவிடும். சில கதைகளில் காரணமே சொல்லப்படாது. எப்படிப் போனார் என்பதைவிட, போன இடத்தில் எப்படி வாழ்ந்தார் என்பதையே அவை பேசுகின்றன.

இதற்கு அமெரிக்க எழுத்தாளர் டயானா கபால்டன் 1991இல் வெளியிட்ட ‘அவுட்லேண்டர்’ நாவல் நல்ல எடுத்துக்காட்டாகும். இரண்டாம் உலகப் போரில் தாதியாகப் பணியாற்றிய கிளேர், போர் முடிந்தபின் கணவருடன் ஸ்காட்லாந்துக்கு வருகிறார். அங்கே வட்டமாக நிற்கும் பழங்காலக் கற்களுள் ஒன்றைத் தொட்டதும் 1743ஆம் ஆண்டிற்குச் சென்றுவிடுகிறார். அக்காலத்தில் வாழும் ஜேமி என்னும் இளைஞர்மீது அவருக்கு அன்பு ஏற்படுகிறது. மலைகள், கோட்டைகள், கட்டம் போட்ட இடுப்பாடை அணிந்த வீரர்கள் ஆகியவை வாசகரை மயக்குகின்றன. “அங்கேயே போய்விடலாம்” என்னும் ஆசையும் எழுகிறது.

ஆனால், நாவலை ஊன்றிப் படித்தால் அந்த ஆசை குறையும். கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. காயத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கிளேர் சொல்வதன் காரணம் அங்குள்ளோருக்கு விளங்குவதில்லை. நோயாளிகளைக் குணப்படுத்தும் அவருடைய அறிவே அவர்மீது ஐயத்தை உண்டாக்குகிறது. சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு அவர் விசாரணைக்கும் நிறுத்தப்படுகிறார். மேலும், வரவிருக்கும் பேரழிவை அவர் முன்கூட்டியே அறிவார். 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், கல்லோடன் என்னுமிடத்தில் நடந்த போரில் மலைநாட்டு வீரர்களைக் கொண்ட படை ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது. இது வரலாறு. அதே ஆண்டில் மலைநாட்டு உடையை ஆண்கள் அணியக்கூடாது என்று சட்டமும் இயற்றப்பட்டது. 1782ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. வாசகர் விரும்பி ரசிக்கும் அந்த உடைக்குப் பின்னால் இவ்வளவு துயரம் இருக்கிறது. தொடரின் இரண்டாம் நாவலில், கிளேரும் ஜேமியும் அந்த அழிவைத் தடுக்க முயன்றும் முடியாமல் போகிறது. வரலாற்றை அறிந்திருப்பது வேறு, அதனை மாற்றும் வலிமை பெற்றிருப்பது வேறு என்பதை வாசகர் இங்கே உணர்கிறார்.

கிளேர் துன்பப்பட்டாலும், ஒரு வகையில் நற்பேறு பெற்றவர். திரும்பிச் செல்லும் வாய்ப்பு வரும்போது, தங்குவதா போவதா என்பதை அவரே முடிவு செய்கிறார். எல்லாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. இதனை ஒக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய ‘கின்ட்ரட்’ நாவல் அழுத்தமாகக் காட்டுகிறது. அதன் நாயகி டேனா, 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பின எழுத்தாளர். அவருடைய கணவர் கெவின் வெள்ளையர். டேனா தம் விருப்பமின்றியே மேரிலாந்தின் அடிமைக்காலத்திற்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்லப்படுகிறார். ஒருமுறை கெவினும் உடன் செல்கிறார். தம் காலத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்த இருவரும் அங்கே அவ்வாறு சொல்லிக்கொள்ள முடிவதில்லை. பார்ப்பவர் கண்களுக்குக் கெவின் எசமானர். டேனா அவருடைய உடைமை.

‘கின்ட்ரட்’ காதல் நாவல் அன்று என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையே. ஆயினும், காலப் பயணக் காதல் கதைகளை விரும்புவோர் தவறாமல் படிக்க வேண்டிய நூல் அது. கடந்த காலம் எல்லாரையும் ஒரே முகத்தோடு வரவேற்பதில்லை என்னும் உண்மையை அது முகத்துக்கு நேரே சொல்கிறது. “அந்தக் காலத்திலேயே பிறந்திருக்கலாம்” என்று சொல்பவர், அங்கே தாம் யாராகப் பிறந்திருப்போம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரண்மனையில் அமர்ந்திருப்பவர் ஒருவரே; அங்கே விறகு சுமப்பவர் நூறு பேர். கற்பனையில் மட்டும் எல்லாரும் அரண்மனையிலேயே பிறந்துவிடுகின்றனர்.

அன்புக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் கேள்விக்கு ஆட்ரி நிஃபெனெகர் 2003இல் வெளியிட்ட ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’ நாவல் துணை செய்கிறது. ‘காலப் பயணியின் மனைவி’ என்பது அத்தலைப்பின் பொருள். அதன் நாயகர் ஹென்றி, சிகாகோவில் நூலகராகப் பணிபுரிபவர். மரபணுக் குறைபாட்டின் காரணமாக அவர் எதிர்பாராத வேளைகளில் வேறு காலத்திற்குச் சென்றுவிடுகிறார். எப்போது போவார், எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. பயணம் செய்பவர் அவர். காத்திருப்பவர் மனைவி கிளேர். முந்திய நாவலின் நாயகிக்கும் இவருக்கும் ஒரே பெயர் என்றாலும் இருவரின் வாழ்வும் வேறு வேறு. தொலைவில் பணிபுரியும் கணவருக்காக, மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைக்காக, கடலுக்குச் சென்ற தந்தைக்காகக் காத்திருந்தவர்கள் எவரும் இந்தக் கிளேரைப் புரிந்துகொள்வர். நடக்க முடியாத கதை என்று ஒதுக்குபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பயணம் கற்பனை, காத்திருப்பு கற்பனையன்று.

இந்த நாவலில் வாசகரை உறுத்த வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கிளேர் தம் ஆறாம் வயதிலேயே, வருங்காலத்திலிருந்து வந்த ஹென்றியைச் சந்தித்துவிடுகிறார். அவரைத்தான் மணக்கப்போகிறார் என்பதும் வளரும் பருவத்திலேயே தெரியவருகிறது. முடிவு முன்பே தெரிந்த ஒன்றை ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியுமா? வேறு ஒரு வாழ்வை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பாவது அவருக்குக் கிடைத்ததா? “விதியால் இணைந்தவர்கள்” என்று மனம் உருகும் வாசகர், விதி என்னும் சொல் ஒருவருடைய உரிமையை மறைத்துவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அன்பு எவ்வளவு உயர்ந்ததாயினும், மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அது முழுமை பெறுவதில்லை. புராணத்து ரேவதியிடம் கேட்கப்படாத கேள்வி இங்கும் எழுகிறது.

“கதையைக் கதையாகப் படித்தால் போதாதா? இவ்வளவு கேள்விகள் கேட்டால் இன்பம் கெட்டுவிடாதா?” என்று சிலர் வினவலாம். நாள் முழுவதும் பாடநூல்களோடு போராடும் மாணவர் ஓய்வுக்காக ஒரு நாவலை நாடுவது இயல்பே. கேள்விகளை முதல் பக்கத்திலேயே தொடங்க வேண்டியதில்லை. முதலில் கதையில் மூழ்கட்டும். முடித்த பின்னர்ச் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கட்டும். நல்ல நாவல் கேள்விகளால் சிதைவதில்லை. கேள்வி கேட்டதும் உதிர்ந்துபோகும் நாவலை மீண்டும் படிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்து எதனைப் படிக்கலாம் என்பதையும் இக்கேள்விகளே காட்டும். மேற்கூறிய நாவல்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. போர், வன்முறை முதலியவை அவற்றில் இடம்பெறுகின்றன. எனவே, பள்ளி மாணவர்கள் பிலிப்பா பியர்ஸ் 1958இல் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ நாவலிலிருந்து தொடங்கலாம். உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் டாம் என்னும் சிறுவன், கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கும் இரவில் கதவைத் திறந்து பழங்காலத் தோட்டம் ஒன்றைக் காண்கிறான். அங்கே ஹேட்டி என்னும் சிறுமியின் நட்பு கிடைக்கிறது. அவன் ஒவ்வோர் இரவும் செல்லச் செல்ல, அவள் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறாள். அந்த ஹேட்டி யார் என்பது இறுதியில் தெரியவரும்போது, வயதானவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அது காதல் கதையன்று. ஆனால், காலத்தைக் கடந்த அன்பு என்றால் என்ன என்பதை அதைவிட எளிமையாகச் சொன்ன நூல்கள் குறைவு.

சற்று முதிர்ந்த பின் படிப்பதற்கென்று காலியான் பிராட்லியின் ‘தி மினிஸ்ட்ரி ஆஃப் டைம்’ நாவலைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். 2024இல் வெளிவந்த இந்நாவலில் பயணத்தின் திசை மாறுகிறது. கடந்த காலத்தவர் இக்கால இலண்டனுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களுள் ஒருவர் கிரஹாம் கோர். 1845இல் ஆர்க்டிக் கடலுக்குப் புறப்பட்டு, 129 பேருள் ஒருவர்கூடத் திரும்பி வராத பிராங்க்ளின் பயணத்தில் உண்மையாகவே இடம்பெற்ற கடற்படை அதிகாரி அவர். அவருக்குத் துணையாக நியமிக்கப்படும் பெண்ணின் தாயார் கம்போடியாவிலிருந்து அகதியாக வந்தவர். தன் காலத்தை இழந்தவரும் தாய்நாட்டை இழந்தவரும் ஒரே வகையான தனிமையைச் சுமக்கின்றனர் என்பதை அந்நாவல் உணர்த்துகிறது.

கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாக இந்நாட்டில் வாழும் இளையோருக்கு இவ்வுணர்வு அந்நியமானதன்று. தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் திருவிழாவையும் ஒற்றுமையையும் நினைத்து மகிழ்வதுண்டு. விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவச் சென்றதும், குறைந்த கூலியில் குடும்பம் நடத்தியதும் அதே வாழ்க்கையின் பகுதிகள்தாம். இரண்டையும் கேட்பவருக்கே அக்காலம் முழுமையாகத் தெரியும். நாவலில் வரும் கடந்த காலத்தைக் கேள்வி கேட்டுப் பழகியவர், வீட்டில் சொல்லப்படும் கடந்த காலத்தையும் பொறுமையாகக் கேட்பார், “அப்புறம் என்ன நடந்தது, பாட்டி?” என்று இன்னொரு கேள்வியும் கேட்பார்.

ஆகவே, காலப் பயணக் காதல் நாவல்களைக் கேலி செய்து ஒதுக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் வேண்டாம். வேறொரு காலத்து மனிதரை நேசிப்பது எளிது, அவர் அழகிய உடையில் புத்தகப் பக்கத்தில் நிற்கும்வரை. அவருடைய பசியையும் அச்சத்தையும் விருப்பத்தையும் சேர்த்து அறிந்துகொள்வதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை வாசகரிடம் ஒப்படைக்கும் நாவலே படிக்கத் தகுந்த நாவல்.