சீட்டாட்ட மேஜை சொல்லாத கதை

250 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் மாலை வந்தால் சீட்டாட்டம்தான். 'விஸ்ட்' என்ற ஆட்டத்தின் மீது அப்படி ஒரு மோகம். அதை ஆடும் முறையை விளக்கி எட்மண்ட் ஹாயில் என்பவர் 1742-ம் ஆண்டில் புத்தகமே எழுதினார்.

ஆட்டத்துக்கு என்றே தனி மேஜையும் செய்தார்கள்.

மடக்கு மேஜை

பகலில் அது சுவர் ஓரமாக நிற்கும். பாதி நிலா போன்ற வடிவம்.

விருந்தாளிகள் வந்ததும் மேல் பலகையைப் புத்தகம்போல் விரிப்பார்கள். பின்னங்கால் ஒன்று கதவுபோல் வெளியே திரும்பிப் பலகையைத் தாங்கும். உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும்.

சில மேஜைகளில் காசு வைக்கக் குழிகள் உண்டு. வேறு சிலவற்றில் நடுப்பலகையைப் புரட்டிப் போட்டால், சதுரங்கக் கட்டம்!

ரோமாபுரியின் சாயல்

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த பழைய ரோமானிய நகரம் பாம்ப்பி. அதை 1748-ம் ஆண்டில் தோண்டத் தொடங்கினார்கள். ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் இத்தாலிக்குச் சென்று, பழைய கட்டடங்களை ஆராய்ந்து, 1758-ம் ஆண்டில் திரும்பினார்.

அதன்பின் மேஜையின் தோற்றமே மாறியது. வளைந்த கால் போயிற்று. ரோமானியத் தூண்போல் வரிக்கோடுகள் உள்ள நேரான கால் வந்தது. பூமாலையும் ஜாடியும் மேஜையை அலங்கரித்தன.

மரம் எங்கிருந்து வந்தது?

இந்த மேஜைகள் பலவும் மகோகனி மரத்தால் ஆனவை. அந்த மரம் ஜமைக்கா போன்ற மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து கப்பலில் வந்தது.

காட்டில் அதை வெட்டியவர்கள் யார்? ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள்! அவர்களுக்குக் கூலி கிடையாது.

1833-ம் ஆண்டில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அப்போது அரசாங்கம் நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. அது யாருக்கு? முதலாளிகளுக்கு! அடிமைகளுக்கு ஒரு காசுகூட இல்லை.

ஒரு வரி போதும்

இன்று இந்த மேஜைகள் விலைக்கு வரும்போது, செய்த காலத்தை எழுதுகிறார்கள், பாணியை எழுதுகிறார்கள். மரம் வெட்டியவர்களைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இல்லை. இது நியாயமா?

"தச்சன் செய்த வேலைக்கு இந்தப் பழி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தச்சனின் திறமையை யாரும் குறை சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதால் அழகு குறைந்துவிடாது.

யார்க்ஷயரில் உள்ள ஹேர்வுட் மாளிகையே இதற்குச் சாட்சி. ஆடம் அலங்கரித்த மாளிகை அது. சிப்பண்டேல் என்ற புகழ்பெற்ற தச்சர் மேஜை நாற்காலிகள் செய்து கொடுத்தார். அதற்கான செல்வம் அடிமைகளின் உழைப்பில் வந்தது. இன்று அந்த மாளிகை இந்த வரலாற்றை மறைக்காமல் சொல்கிறது. மக்களும் பார்க்க வருகிறார்கள்.

மேஜையின் கால் ரோமானியத் தூணைப் போன்றது என்று எழுத இடம் இருக்கிறது. மரத்தை வெட்டியவர்கள் அடிமைகள் என்று எழுதவும் இடம் வேண்டும்.