கண்களைப் படிக்கும் பரீட்சையும் இலக்கியத்தின் நற்சான்றிதழும்

‘இலக்கியம் படிப்பவர்கள் பிறர் மனத்தை மற்றவர்களைவிட நன்றாக உணர்கிறார்கள், இது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுவிட்டது.’ இவ்வகையான கூற்றை நூல் வெளியீட்டு மேடைகளிலும் முன்னுரைகளிலும் நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். யார் நிரூபித்தார்கள், யாரை வைத்து, எதை அளந்து என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. அந்தக் கேள்விகளை இங்கே கறாராகக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பெருமிதத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2013 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் டேவிட் காமர் கிட், இமானுவேலே கஸ்தானோ என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். பங்கேற்பாளர்கள் இணையம் வழியாகத் திரட்டப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தனர். சோதனைக்கேற்ப, ஒரு குழு இலக்கியப் புனைவின் ஒரு சிறு பகுதியைப் படித்தது. பிற குழுக்கள் வெகுஜனப் புனைவையோ அபுனைவையோ படித்தன, அல்லது எதையுமே படிக்கவில்லை. முக்கியமான அளவுகோல், சைமன் பாரன்-கோஹன் குழுவினர் உருவாக்கிய ஒரு பரீட்சை. 36 புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தின் கண்பகுதி மட்டும், அக்கண்கள் வெளிப்படுத்தும் உணர்வு எது என்று நான்கு சொற்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இலக்கியம் படித்த குழு சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றது என்பதே முடிவு.

முதலில் இந்த ஆய்வுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். வாசகர்களையும் வாசிக்காதவர்களையும் அப்படியே ஒப்பிட்டிருந்தால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. கல்வி, குடும்பப் பின்னணி, இயல்பான சுபாவம் எல்லாமே இரு சாராரிடமும் வேறுபடும். யார் எதைப் படிப்பது என்பதைக் குலுக்கலிடம் விட்டுவிடும்போது அந்த வேறுபாடுகள் குழுக்களிடையே ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. எஞ்சும் வித்தியாசத்திற்கு வாசிப்பைக் காரணம் காட்ட ஒரு நியாயம் பிறக்கிறது. சோதனை முறையின் அரிச்சுவடி இதுதான்.

சிக்கல் அளவையில் தொடங்குகிறது. ‘இலக்கியம்’ என்பதை இந்த ஆய்வாளர்கள் எப்படி வரையறுத்தார்கள்? பெரும்பாலும் பரிசுபெற்ற, பரிசுக்கு முன்மொழியப்பட்ட படைப்புகளிலிருந்து எடுத்தார்கள். பரிசுப் பட்டியலை வைத்து இலக்கியத்தை அளக்காதே என்று ஆண்டுதோறும் அகாதெமி அறிவிப்பு வெளியானதும் முழங்கும் நம் சூழல், அமெரிக்கப் பரிசுப் பட்டியல் என்றதும் வாய்மூடி ஏற்றுக்கொண்டது எப்படி? ‘பிறர் மனத்தை உணர்தல்’ என்பதோ, கண்பகுதிப் படத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுப்பதாகச் சுருங்கிவிட்டது. அதில் சொல்வளத்துக்கும் பங்குண்டு. எந்த ஆய்வும் விரிந்த ஒரு கருத்தை இப்படி அளக்கத்தக்க ஒன்றாகச் சுருக்கியே ஆகவேண்டும்; அது குற்றமல்ல. சுருக்கியதை மறந்துவிட்டு, சில நிமிட வாசிப்பில் கிடைத்த சில மதிப்பெண்களை ‘இலக்கியம் மனிதனைப் பண்படுத்துகிறது’ என்று மொழிபெயர்ப்பதே குற்றம். அதைச் செய்தவர்கள் மேடைப் பேச்சாளர்கள்.

அடுத்து நடந்தவை அந்த மேடைகளை எட்டவேயில்லை. 2016இல் மரியா யூஜீனியா பனேரோவும் பிறரும், மூன்று ஆய்வுக் குழுக்களின் 792 பங்கேற்பாளர்களைக் கொண்டு இதே சோதனையைத் திரும்பச் செய்த முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பகுதியைப் படித்ததால் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 2018இல் காலின் கேமரர் முதலானோர், ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ இதழ்களில் 2010 முதல் 2015 வரை வெளிவந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை மறுசோதனைக்கு உட்படுத்தினர். 13 தேறின. தேறாத எட்டில் ஒன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆய்வு. அதே 2018இல், 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டேவிட் டோடெல்-ஃபெடரும் டயானா தமீரும் புனைவு வாசிப்புக்கு ஒரு விளைவு உண்டு, ஆனால் அது சிறியது என்ற முடிவுக்கு வந்தனர். இன்றைய நிலை இதுதான்: ஒருவேளை சிறிதளவு உண்டு, ‘நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்பது பொய்.

ஒரு முறை கிடைத்த முடிவு மறுமுறை ஏன் கிடைப்பதில்லை? உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்தில்கூட, வழக்கிலுள்ள புள்ளியியல் வரம்பின்படி, இருபது சோதனைகளில் ஏறத்தாழ ஒன்று விளைவு இருப்பதுபோலக் காட்டும். இதழ்கள் அந்த ஒன்றை அச்சிட்டு மற்றப் பத்தொன்பதை ஒதுக்கினால் வாசகருக்கு வந்து சேர்வது தற்செயலின் தொகுப்பு. இதனால்தான் கருதுகோளையும் ஆய்வு செய்யும் முறையையும் தரவு திரட்டும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும் என்ற கோரிக்கை உளவியலுக்குள் வலுப்பெற்றது.

பனேரோ குழுவினரின் ஆய்வில் ஒன்று மட்டும் நிலைத்தது. நிறைய எழுத்தாளர்களின் பெயர்களை அடையாளம் கண்டவர்கள், அதாவது நெடுங்கால வாசகர்கள், கண் பரீட்சையில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். (அந்தப் பெயர்ப் பட்டியலில் எழுத்தாளர்களே அல்லாத பெயர்களும் கலந்திருக்கும், படித்ததாகப் பாவனை செய்பவர்களைப் பிடிக்க. நம் கூட்டங்களிலும் ஒருமுறை விநியோகித்துப் பார்க்கலாம்.) ஆனால் இது ஒட்டுறவு மட்டுமே. வாசிப்பு மனத்தைக் கூர்மையாக்கியிருக்கலாம். மனிதர்மேல் ஆர்வம் கொண்டவர்கள் வாசிப்பை நாடியிருக்கலாம். கல்வியோ மொழித்திறனோ இரண்டையும் வளர்த்திருக்கலாம். எது என்று இந்த ஒட்டுறவு தானாகச் சொல்லாது.

இதையெல்லாம் கேட்டதும் இன்னொரு கூட்டம் எழுந்து நிற்கும்: ‘உளவியல் ஆய்வே போலி என்று அன்றே சொன்னோமே!’ இவர்களுக்கும் நம்மிடம் பதில் உண்டு. இந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்ததில் முன்னின்றவர்கள் உளவியலாளர்கள்தாம். 2015இல் தங்கள் துறையின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் வரம்பைத் தாண்டியிருந்தன. மறுசோதனைகளில் தாண்டியவை 36 விழுக்காடு. இந்த அவமானத்தை அவர்களே அச்சேற்றினார்கள். ஒரு தலைமுறையின் சிந்தனையையே மாற்றிய நாவல் என்று நம் விமர்சகர்கள் எழுதுகிறார்களே, அந்தத் தலைமுறையில் அதைப் படித்தவர் எத்தனை பேர் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அறிவியலைக் கேலி செய்யவும், வசதிப்படும்போது அதன் முத்திரையைக் கடன் வாங்கவும் ஒருசேர உரிமை கோர முடியாது.

இது வெறும் விவாத ருசி அல்ல. நூலகத்துக்கும் பள்ளியின் வாசிப்பு வேளைக்கும் நிதி கேட்கும்போது ‘கருணையை வளர்க்கிறது’ என்ற சான்றிதழைத்தான் பலர் நீட்டுகிறார்கள். மறுசோதனையில் சான்றிதழ் செல்லாது என்றானால் நூலகமும் தேவையில்லை என்றாகிவிடுமா? கதே படித்தவர்கள் வதைமுகாம்களில் பணியாற்றியதை முன்வைத்து ஜார்ஜ் ஸ்டெய்னர் எழுப்பிய கேள்வி, எந்தக் கண் பரீட்சைக்கும் முந்தியது. இன்னும் பதில் கிடைக்காதது. அதை அறிந்தும் நாம் படிக்கிறோம். நூலகம் வேண்டும் என்பதற்கு, அங்கே படிக்க வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு வேறு வழியில்லை என்பது போதுமான காரணம்.

ஆகவே, அடுத்த மேடையில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று ஒருவர் தொடங்கினால் கைதட்டும் முன் கேட்போம்: எத்தனை பேர்? குலுக்கல் உண்டா? எதை அளந்தார்கள்? வேறொருவர் திரும்பச் செய்து பார்த்தாரா? பதில் தெரியாதவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, தான் படித்த கதையைப் பற்றிப் பேசட்டும்.