நிறுவன உளவியலும் நம் விண்ணப்பதாரரும்

நம் கல்லூரி மாணவருட் சிலர் நிறுவன உளவியலில் முதுமாணிப் பட்டம் பெறுதற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். மகிழ்கின்றோம். ஆயினும் ஒன்றை முன்னரே தெளிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் 'தொழில்சார் உளவியலாளர்' என்னும் பெயர் சட்டத்தாற் காக்கப்படுகின்றது. பதிவு பெறாதார் அதனைச் சூடலாகாது. பதிவு நாடுவோர்க்குப் பிரித்தானிய உளவியற் சங்கம் ஏற்றுக்கொண்ட உளவியற் பட்டமோ அதற்கீடான மாற்றுக் கற்கைநெறியோ முதற்படி. சங்கம் ஏற்றுக்கொண்ட முதுமாணி அடுத்தது. மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அதன்பின். வணிகமோ பொருளியலோ கற்றவரையும் சேர்க்கும் முதுமாணி வகுப்புகள் உள. அவை பயனற்றன என்று கூறோம். ஆனால் அவை மட்டும் அப்பெயரைத் தாரா. காணியை ஈடுவைத்து மகனை அனுப்பும் தந்தைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

நோக்கவுரையில் மனித மனத்தின் மாண்பை வியந்து பக்கம் நிரப்புதலையும் விடுக. சிக்காகோவை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924இல் இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வு தொடங்கியது விளக்கின் வெளிச்சத்தை அளந்தன்றோ! தேயிலைத் தொழிற்சாலையிலோ கூட்டுறவுக் கடையிலோ தாம் கண்ட ஒரு பிணக்கை, யார் யாரோடு ஏன் பேசாதிருந்தார் என்பது வரை எழுதுக. நற்சான்று வேண்டி நம்மிடம் வருவோர் அவ்வுரையையும் உடன் கொணர்க.