மடிகணினிக்கு யாரிடம் கேட்பது?

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு மடிகணினி தேவை என்றால், லா ஷோ-து-ஃபோனில் வாழும் பெற்றோர் யாரிடம் கேட்பது? இயலாமைக் காப்புறுதியிடம் என்று எம்மவர் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய வழி. 2008இல் சிறப்புக் கல்வியின் பொறுப்பும் செலவும் மாநிலங்களுக்கு மாறிவிட்டன. இங்கே பொறுப்பு நொஷாத்தெல் மாநிலத்துடையது. முதலில் தட்ட வேண்டிய கதவு பாடசாலை.

இது சலுகை கேட்பதல்ல. சமஷ்டி அரசியலமைப்பின் 19ஆம், 62ஆம் உறுப்புரைகள் அடிப்படைக் கல்வி போதியதாகவும் இலவசமாகவும் இருக்கவேண்டும் என்கின்றன. கட்டாயக் கல்விக்கு அவசியமான செலவைப் பெற்றோர் தலையில் கட்டமுடியாது என்று 2017 டிசெம்பரில் லவுசானிலுள்ள சமஷ்டி நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் மடிகணினி என்ற சொல் அந்த உறுப்புரைகளில் இல்லை. அது இந்தப் பிள்ளைக்கு அவசியம் என்று காட்டவேண்டும்.

சிக்கல் இங்கேதான். "குறையுள்ள பிள்ளை" என்ற பெயர் கலியாணம்வரை தொடரும் என்ற பயத்தில் பரிசோதனையே தள்ளிப்போகிறது. வீட்டில் தமிழ் பேசுவதால் பிரெஞ்சு பிந்துகிறது என்று யாராவது சொன்னால், அதுவே எமக்கு ஆறுதலாகிவிடுகிறது. டிஸ்லெக்சியா வீட்டு மொழியால் வருவதில்லை. தமிழ்ப் பாடசாலையிலும் அதே பிள்ளை தடுமாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். (தமிழ் ஆசிரியர்கள் இதைக் கவனித்துச் சொல்லலாமே!)

லோகோபெடிஸ்ட் எனப்படும் பேச்சுச் சிகிச்சையாளரின் அறிக்கையோடு கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேன்முறையீடு செய்வது கடினம். சொந்தக் காசில் வாங்கக்கூடியவர்களும் இதைத் தவிர்க்க முடியாது. வகுப்பிலும் சோதனையிலும் பயன்படுத்த அனுமதி இல்லையென்றால் அந்தக் கணினி வீட்டு மேசையில்தான் கிடக்கும்.